பாலில் வந்த புழு

ஒரு புதிர் போடட்டுமா? எருமைக் கன்று பிறந்து ஒரு மாதம்தான் ஆகிறது. வயிற்றுக்குள் போனதெல்லாம் தாய்ப்பால் மட்டுமே. ஆனால் அதன் சிறுகுடலில் புழு நெளிகிறது! சின்னப் புழுவும் இல்லை. நன்றாக வளர்ந்த பெண் புழு உங்கள் பெரிய ஸ்கேல் அளவுக்கு, 30 செ.மீ. வரை நீளும். தாயின் குடலிலோ அந்தப் பெரிய புழு ஒன்றுகூட இல்லை. பிறகு கன்றுக்கு எங்கிருந்து வந்தது?

தாயின் பாலில் இருந்துதான்!

டாக்சோகாரா விட்டுலோரம் என்பது அந்த உருளைப்புழுவின் பெயர். பசுங்கன்றுகளுக்கும் வரும், எருமைக் கன்றுகளை அதிகம் படுத்தும். இதன் முட்டையை எருமை எப்போதோ புல்லோடு சேர்த்துத் தின்றிருக்கும். முட்டையிலிருந்து வெளிவந்த இளம்புழு குடலில் தங்குவதில்லை. குடல் சுவரைத் துளைத்துக்கொண்டு போய் ஈரல், நுரையீரல், தசை என்று ஒளிந்துகொள்ளும். வளராமல் அங்கேயே காத்துக் கிடக்கும். எருமை சினையாகி, ஈனும் நாள் நெருங்கியதும் மடிக்கு நகரும். ஈன்ற முதல் சில நாட்களில் பாலோடு கன்றின் வயிற்றுக்குள் இறங்கிவிடும். காளைக்குள் போன புழுவின் பாடுதான் பாவம். காளைக்கு மடி ஏது!

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கன்று பிறக்கும்போது அதன் ரத்தத்தில் நோயை எதிர்க்கும் எதிர்ப்பொருள்கள் அநேகமாக இருக்காது. முதல் நாள் குடிக்கும் சீம்பாலில் இருந்துதான் கிடைக்கும். இந்தப் புழுவுக்கான எதிர்ப்பொருளும் அதில் வருகிறது. எதிரியும் ஆயுதமும் ஒரே மடியிலிருந்து! அப்படியும் புழு சாவதில்லை. ஏன்?

பாக்டீரியா என்றால் வெள்ளணு அதை அப்படியே விழுங்கிவிடும். ஒரு அடி நீளப் புழுவை எந்த வெள்ளணு விழுங்கும்? ஆகவே, கொல்ல முடியாததைக் குடியிருக்க விடாமல் செய்கிறது உடம்பு. மாஸ்ட் செல் என்ற நோய் எதிர்ப்புச் செல்களும், ஈசினோஃபில் என்ற ஒருவகை வெள்ளணுக்களும் குடல் சுவரில் திரள்கின்றன. கொழகொழப்பான சளி அதிகம் சுரக்கிறது. குடல் வேகமாக அசைகிறது. புழுவால் நிலைத்து நிற்க முடியாமல் சாணத்தோடு வெளியே வந்துவிடுகிறது.

இந்தத் திறமை வர நாளாகும். கன்று 2 முதல் 5 மாத வயதுக்குள்தான் புழுவைத் தள்ளி முடிக்கும். அதற்குப் பிறகு பெரிய புழு அநேகமாக அதன் குடலில் வளர்வதில்லை. ஆனாலும் தசைக்குள் ஒளியும் இளம்புழுவை வளர்ந்த மாட்டின் எதிர்ப்பாற்றலால்கூட முழுதாக ஒழிக்க முடிவதில்லை. கெட்டிக்காரப் புழு!

எல்லாப் புழுவுக்கும் ஒரே கணக்கு இல்லை. குளிர்நாட்டு மேய்ச்சல் கன்றுகள் கூப்பீரியா என்ற குடற்புழுவை எதிர்க்க ஒரே மேய்ச்சல் பருவத்தில் பழகிவிடும். நான்காவது இரைப்பையில் வாழும் ஆஸ்டர்டேஜியாவை எதிர்க்கப் பெரும்பாலும் இரண்டாவது பருவமும் தேவைப்படும்.

புழுவைத் தள்ளி முடிக்கும் வரை எருமைக் கன்று அத்தனை மாதம் தாங்குமா என்பதுதான் கவலை. நாற்றமடிக்கும் கழிச்சல், உப்பிய வயிறு, எலும்பு தெரியும் உடம்பு என்று பல கன்றுகள் நலிகின்றன. சில செத்தும் போகின்றன. அதனால்தான் புழு வளர்ந்து முட்டையிடும் முன்பே, கன்று பிறந்த 10 முதல் 16 நாளுக்குள் குடற்புழு நீக்க மருந்து கொடுக்கச் சொல்கிறார்கள்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ எருமை ஈன்றிருந்தால், இந்தக் கணக்கைப் பெரியவர்களிடம் சொல்லுங்கள். மருந்தின் அளவு கன்றின் எடையைப் பொறுத்தது; அதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டே கொடுக்க வேண்டும்.