கண் திறக்கும் தூரிகை

நவராத்திரி நெருங்குகையில் தருமபுரிக் கடைவீதியிலும் கொலுப்பொம்மைகள் வரிசைகட்டி நிற்கும். காஞ்சிபுரம், பண்ருட்டி, மதுரையை அடுத்த விளாச்சேரி ஆகிய ஊர்களில் தலைமுறை தலைமுறையாக இவை உருவாக்கப்படுகின்றன. ஒரே அச்சில் வார்த்த பொம்மைகள் அனைத்திற்கும் வடிவம் ஒன்றே. முகபாவமோ ஒவ்வொன்றிற்கும் வேறு. அவ்வேறுபாட்டைத் தருவது தூரிகையே ஆகும்.

சுட்டு ஆறிய மண்பொம்மையின் சொரசொரப்பை உப்புத்தாளால் தேய்த்து நீக்குவர். பின்னர் வெண்ணிறம் பூசுவர். வெண்மையின்மீதுதான் பிற வண்ணங்கள் பொலிவுறும். அடுத்து உடல்நிறம், உடை, அணிகலன் என அகன்ற பரப்பிலிருந்து நுண்பகுதிக்கு வருவர். ஒரு பூச்சு உலருமுன் மற்றொன்றைப் பூசினால் வண்ணங்கள் கலங்கிவிடும்.

கண்ணை இறுதியாகவே எழுதுவர். விரல்நீளப் பொம்மையில் கருவிழி கடுகினும் சிறிது. அது மயிரிழை விலகினும் கனிந்த பார்வை மாறுகண்ணாகிவிடும். எனவே, கைதேர்ந்தவர் சுண்டுவிரலைப் பொம்மைமீது ஊன்றிக் கை நடுங்காது எழுதுவர். பள்ளிக் கலைப்போட்டிக்குக் களிமண் உருவம் வனையும் மாணவர்க்கும் இப்பொறுமையே முதற்பாடம்.

கடையில் விலை குறைத்துக் கேட்கும்போது நாம் மண்ணை மட்டுமே எடைபோடுகிறோம். கண்ணெழுதிய கையை மறந்துவிடுகிறோம். அக்கைக்கு உரிய ஊதியம் கிடைத்தால்தான் அடுத்த தலைமுறையும் தூரிகையை ஏந்தும்.