எக்ஸ்ரேவுக்கே டிமிக்கி கொடுக்கும் முட்டிக் காயம்! காலை தூக்கச் சொன்னால் குட்டு உடையும்

ஸ்கூல் ஸ்போர்ட்ஸில் உயரம் தாண்டும்போதோ, கபடியில் எகிறும்போதோ முட்டியில் 'டப்' என்று ஒரு சத்தம். பையன் சுருண்டு விழுகிறான். முட்டி பந்து போல வீங்குகிறது. எக்ஸ்ரே எடுத்தால் எலும்பு நல்லாத்தான் இருக்கு. 'சுளுக்குதான், நீவி விட்டா சரியாயிடும்' என்று வீட்டுக்கு கூட்டி வந்து விடுகிறார்கள். வில்லங்கம் இங்கேதான் ஆரம்பம்.

முட்டிச் சில்லையும் முன்கால் எலும்பையும் கயிறு மாதிரி ஒரு தசைநார் இணைக்கிறது. பெரியவர்களுக்கு அடிபட்டால் அந்த கயிறே அறுந்து போகலாம். 8 முதல் 12 வயது பிள்ளைகளுக்கு கயிறு கெட்டி. சில்லின் ஓரம்தான் இன்னும் குருத்தெலும்பாக இருக்கும். அதனால் கயிறு அறுவதற்கு பதில், சில்லின் அடி ஓரத்தை உறை கழற்றுவது போல உரித்துக்கொண்டு வந்துவிடும். டாக்டர்கள் இதை 'ஸ்லீவ் பிராக்சர்' என்கிறார்கள். 1979-ல் ஹாட்டன், அக்ராய்ட் என்ற 2 டாக்டர்கள், 3 பிள்ளைகளுக்கு வந்த இந்த காயத்தை பற்றி எழுதினார்கள்.

குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் விழாது. கூட பிய்ந்து வரும் எலும்பு துணுக்கும் ரொம்ப சின்னது. அப்புறம் எப்படி கண்டுபிடிப்பது?

பையனை மல்லாக்க படுக்க வைத்து, முட்டியை மடக்காமல் காலை தூக்கச் சொல்லுங்கள். முடியவில்லை என்றால் சுளுக்கு என்று விட்டுவிடவே கூடாது. சில்லு மேலே ஏறியிருக்கும், அதற்கு கீழே விரலில் பள்ளம் தட்டுப்படும். பக்கவாட்டில் 2 முட்டியையும் எக்ஸ்ரே எடுத்து ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். சந்தேகம் தீராவிட்டால் அல்ட்ரா சவுண்ட் ஸ்கேன் அல்லது எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள்.

துண்டு விலகாமல் இருந்தால் மாவுக்கட்டே போதும். விலகியிருந்தால் ஆபரேஷன்தான். எண்ணெய் போட்டு நீவினால் ஒட்டாது. சில்லில் துளை போட்டு தையல் போடுவார்கள். அதன்பின் 4 முதல் 6 வாரம் கட்டு, பிறகு பிசியோதெரபி. மைதானத்துக்கு திரும்ப சில மாதம் ஆகும். கவனிக்காமல் விட்டால் உரிந்த உறையில் புது எலும்பு வளர்ந்து சில்லு நீண்டுவிடும். கால் முழுசா நீளாது. படி ஏறவே தொடையில் பலம் இருக்காது.

மாசக்கணக்கில் விளையாடும்போது மட்டும் வலி, முட்டிக்கு கீழே புடைப்பு என்றால் அது வேறு சங்கதி. பெரும்பாலும் ஓய்விலேயே சரியாகும்.

13 முதல் 16 வயது பையன்களுக்கு, தசைநார் வந்து ஒட்டும் முன்கால் எலும்பின் மேடே பெயர்ந்து வரலாம். இது எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும். ஆனால் முட்டிக்கு கீழே கால் கல் மாதிரி இறுகி, கால் விரலை அசைத்தாலே உயிர் போகிற வலி என்றால், ராத்திரி என்றுகூட பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு தூக்கிக்கொண்டு ஓடவேண்டும். உள்ளே ரத்தம் கசிந்து அழுத்தம் ஏறினால், சில மணி நேரத்தில் சதை செத்துவிடும்.