கிரீச்... கிரீச்...! பழைய காரில் சத்தம் எங்கிருந்து வருகிறது?

ஞாயிற்றுக்கிழமை காலை. வீட்டு வாசலில் ஒரு கார் நிற்கிறது. பல கை மாறி வந்த பழைய அம்பாசிடர். ஆனாலும் அந்த வீட்டுக்கு அது புதுக் கார்தான்!

சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. தேங்காய் உடைத்தாயிற்று. தாத்தா, பாட்டி, குழந்தைகள் எல்லோரும் ஏறி உட்கார்ந்து விட்டார்கள். கார் புறப்பட்டது.

தெரு முனையில் ஒரு பள்ளம். கார் அதில் இறங்கி ஏறியது.

"கிரீச்!"

"என்னடா அது?" என்று கேட்டார் பாட்டி.

"ஒன்றுமில்லை அம்மா. பழைய கார் என்றால் கொஞ்சம் சத்தம் இருக்கத்தான் செய்யும்" என்றார் மகன்.

அடுத்த பள்ளம். மறுபடியும், "கிரீச்!"

"அப்பா, காருக்குள்ளே எலி இருக்கு!" என்றான் கடைக்குட்டி. எல்லோரும் சிரித்தார்கள்.

பழைய கார் வாங்கிய பல வீடுகளில் நடக்கிற கதை இது. சிரித்து மறந்து விடலாமா? கூடாது. காரில் வரும் சத்தங்களில் சில, காதுக்கு மட்டுமே தொல்லை. சிலவோ உயிருக்கே ஆபத்து. எது எந்த வகை என்று தெரிந்து கொள்ள வேண்டாமா?

சத்தம் ஏன் வருகிறது?

மை போடாத மாட்டு வண்டி எப்படிக் கத்தும்? எண்ணெய் காணாத கதவு எப்படி முனகும்? ஊஞ்சல் கொக்கி எப்படிக் கிறீச்சிடும்? காரில் வரும் சத்தமும் அதே ஜாதிதான்.

இரண்டு பொருள்கள் ஒன்றோடொன்று அழுத்தமாக உராய்கின்றன. ஒன்றை மற்றது பிடித்துக் கொள்கிறது. விசை அதிகமானதும் பிடி விட்டு வழுக்குகிறது. உடனே மறுபடியும் பிடித்துக் கொள்கிறது. இப்படிப் பிடிப்பதும் வழுக்குவதும் ஒரு நொடிக்குள் பல தடவை நடக்கிறது. அதனால் இரும்பு அதிர்கிறது. அந்த அதிர்ச்சிதான் "கிரீச்" என்று கேட்கிறது. பிடில் வாசிப்பவர் வில்லை இழுக்கும்போது தந்தி ஒலிப்பதும் இதே தத்துவத்தால்தான்!

அம்பாசிடரின் முதுகெலும்பு

இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரைத் தழுவிச் செய்யப்பட்டது அம்பாசிடர். கல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் இருந்த தொழிற்சாலையில் 1957-ல் உற்பத்தி தொடங்கியது. 2014-ல் நின்றது. ஆகவே இன்று ஓடுகிற அம்பாசிடர் எல்லாமே பழைய கார்தான்.

இதன் பின் சக்கரங்களுக்கு அருகே வில் போல வளைந்த இரும்புப் பட்டைகள் இருக்கின்றன. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருப்பார்கள். அந்தக் காலத்துக் குதிரை வண்டிகளில் இருந்ததும் இந்த மாதிரிப் பட்டைதான். பள்ளத்தில் கார் இறங்கும்போது பட்டைகள் வளைந்து, ஒன்றின் மேல் ஒன்று நகர்கின்றன. இடையில் சேறும் துருவும் புகுந்து விட்டால் சத்தம் போடாமல் என்ன செய்யும்?

பட்டையின் இரண்டு முனைகளிலும் ரப்பர் புஷ் இருக்கிறது. ரப்பருக்கும் வயது உண்டு. வருடங்கள் போகப் போக அது காய்ந்து, வெடித்து, இறுகி விடுகிறது. அப்போது அதுவும் கத்தத் தொடங்கும்.

முதல் சோதனை டிக்கியில்

சத்தம் வந்தவுடன் ஒர்க்ஷாப்புக்கு ஓட வேண்டாம். முதலில் டிக்கியைத் திறந்து பாருங்கள். ஜாக்கி, ஸ்பானர், தண்ணீர்க் கேன், என்றோ வாங்கிப் போட்ட கயிறு எல்லாம் கிடக்கும். எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். மாற்றுச் சக்கரம் இறுக்கமாக இருக்கிறதா என்று ஆட்டிப் பாருங்கள். சீட்டுக்கு அடியிலும் கை விட்டுத் துழாவுங்கள்.

பிறகு அதே தெருவில், அதே வேகத்தில் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். சத்தம் போய் விட்டதா? செலவில்லாமல் வேலை முடிந்தது!

நிறுத்தி வைத்து அழுத்துங்கள்

சத்தம் போகவில்லையா? காரைச் சமதரையில் நிறுத்துங்கள். என்ஜினை அணைத்து விடுங்கள். ஒருவர் காரின் ஒவ்வொரு மூலையையும் கையால் அழுத்தி அழுத்தி விட வேண்டும். இன்னொருவர் பக்கத்தில் குனிந்து காது கொடுக்க வேண்டும். எந்த மூலையை அழுத்தும்போது சத்தம் வருகிறதோ, அந்தச் சக்கரத்தின் பக்கம் தேட வேண்டும்.

ஆனால் காது ஏமாற்றும்! காரின் உடல் முழுவதும் ஒரே கூடாக இணைந்திருக்கிறது. பின்னால் பிறக்கும் சத்தம் இரும்பு வழியாக ஓடி வந்து முன்னால் கேட்கும். ஆகவே காதை மட்டும் நம்பக் கூடாது.

இதற்கு ஓர் எளிய தந்திரம் உண்டு. சந்தேகப்படும் ரப்பர் புஷ் மீது கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். பிறகு மறுபடியும் அழுத்துங்கள். சத்தம் சட்டென்று அடங்கினால் திருடன் அகப்பட்டான்! தண்ணீர் காய்ந்ததும் சத்தம் திரும்பி வரும். மழை நாளில் அமைதியாக இருக்கும் கார் வெயில் நாளில் கத்துவதற்கும் இது ஒரு காரணம்.

கதவும் கத்தும்

நிறுத்தி வைத்து அழுத்தினால் சத்தம் இல்லை. மேடு பள்ளத்தில் கார் கோணலாக ஏறும்போது மட்டும் வருகிறது. அப்படியானால் கதவைச் சந்தேகியுங்கள். ஒரு சக்கரம் மட்டும் மேட்டில் ஏறும்போது காரின் உடல் மயிரிழை அளவு முறுக்கிக் கொள்கிறது. அப்போது கதவைச் சுற்றியுள்ள ரப்பர் உராயும். அந்த ரப்பரைத் துடைத்துச் சிறிது முகப்பவுடர் தடவினால் போதும், சத்தம் அடங்கி விடும்.

ஆள் உட்கார்ந்தால் மட்டும் சத்தம் வருகிறதா? சீட்டின் அடியில் உள்ள போல்ட்டுகளைப் பாருங்கள். டேஷ்போர்டில் கை வைத்து அழுத்தினால் நிற்கிறதா? அங்கேதான் ஒரு திருகு கழன்றிருக்கிறது.

ஒரு விஷயம் முக்கியம். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிச் சோதிக்க வேண்டும். நாலு இடத்தில் ஒரே நாளில் கை வைத்தால், எது குணமாக்கியது என்று தெரியாமலே போய் விடும்.

எண்ணெய் விட்டால் போதுமா?

"கொஞ்சம் எண்ணெய் விடுங்கள், சரியாகி விடும்" என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. கதவுக் கீலுக்கு அது சரி. ரப்பர் புஷ்ஷுக்கு என்ஜின் ஆயிலோ சாதாரணக் கிரீஸோ கூடவே கூடாது. அது ரப்பரை ஊற வைத்துக் கெடுத்து விடும். ரப்பருக்கென்று சிலிக்கான் எண்ணெய் இருக்கிறது. அதையே போட வேண்டும். வெடித்த ரப்பருக்கு எந்த எண்ணெயும் மருந்து ஆகாது. புதிது மாற்றுவதே வழி.

இது அபாயச் சத்தம்!

இனிக் குடும்பத்துக் கதைக்கு வருவோம். அழுத்திப் பார்த்ததில் பின் பட்டைகள் கத்துவது தெரிந்தது. மெக்கானிக் பட்டைகளைக் கழுவி, துருவை நீக்கி, கிரீஸ் வைத்தார். "எலி" ஓடி விட்டது.

ஆனால் வீடு திரும்பும்போது பாட்டி சொன்னார்: "வளைவில் திரும்பும்போது இன்னொரு சத்தம் வருகிறதே!"

பாட்டி சொன்னது உண்மை. பெரிய சத்தம் அடங்கிய பிறகுதான் சின்னச் சத்தம் காதில் விழுந்தது. முன் சக்கரத்தின் பக்கம் ஒரு முனகல். கூடவே "டக்" என்று ஒரு தட்டல்.

மறுநாள் மெக்கானிக் முன் பக்கத்தை ஜாக்கியில் தூக்கினார். பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தார். பிறகு முன் சக்கரத்தின் மேலே ஒரு கையும் கீழே ஒரு கையும் வைத்து ஆட்டினார். சக்கரம் ஆடியது! "சார், பிரேக்கை மிதியுங்கள்" என்றார். பிரேக்கை மிதித்த பிறகும் ஆட்டம் நிற்கவில்லை.

இதன் பொருள் என்ன? சக்கரத்தின் பேரிங் தளர்ந்திருந்தால், பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றிருக்கும். நிற்காததால் குற்றம் வேறு இடத்தில். சக்கரம் இடமும் வலமும் திரும்புகிற மூட்டு தேய்ந்து போயிருந்தது. அதை மெக்கானிக்குகள் "கிங் பின்" என்பார்கள். வேறு பல கார்களில் அந்த இடத்தில் "பால் ஜாயிண்ட்" இருக்கும். காலாகாலத்தில் கிரீஸ் அடிக்காவிட்டால் இந்த மூட்டு உலர்ந்து தேயும். தேய்ந்த பிறகும் ஓட்டினால் ஒரு நாள் மூட்டு விட்டு, சக்கரம் சாய்ந்து விடும். அப்போது ஸ்டீரிங் கையில் இருந்தும் பயன் இல்லை!

திருப்பும்போதும் பிரேக் போடும்போதும் "டக்" என்று தட்டினால் உஷார்! பிரேக் மிதித்தால் இரும்போடு இரும்பு உரசும் சத்தம் வந்தாலும் உஷார்! வேகத்துக்கு ஏற்றபடி சக்கரத்தில் சத்தம் கூடினால், உடனே ஓரமாக நிறுத்திச் சக்கர நட்டுகளைப் பாருங்கள். இந்தச் சத்தங்களுக்கு நாளை என்று தவணை சொல்லக் கூடாது.

இன்னொரு எச்சரிக்கை. ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் யாரும் படுக்கக் கூடாது. ஜாக்கி வழுக்கினால் காரின் பாரம் முழுவதும் மேலே விழும். உறுதியான ஸ்டாண்டு வைத்த பிறகே அடியில் போக வேண்டும்.

வாங்கும் முன்பே கேளுங்கள்

பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் ரேடியோவை நிறுத்தச் சொல்லுங்கள். கண்ணாடிகளை ஏற்றி விட்டு ஒரு தடவையும், இறக்கி விட்டு ஒரு தடவையும் ஓட்டுங்கள். வழவழப்பான சாலையில் எந்தக் காரும் சாதுவாகத்தான் இருக்கும். மேடு பள்ளமான தெருவில், நாலு பேரை ஏற்றிக் கொண்டு ஓட்டிப் பாருங்கள். ஸ்டீரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்புங்கள். விற்பனைக்கு முன் பூசிய எண்ணெய் சில நாள் சத்தத்தை மறைக்கலாம். சக்கரத்தின் ஆட்டத்தை அது மறைக்காது. ஆகவே ஜாக்கியில் தூக்கி ஆட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

இப்போது மின்சாரக் கார்கள் வந்து விட்டன. அவற்றில் என்ஜின் இரைச்சல் இல்லை. அதனால் சின்ன முனகலும் பெரிதாகக் கேட்கிறது. காலம் மாறினாலும் காது கொடுக்கும் வேலை மாறவில்லை!

அந்த அம்பாசிடருக்குப் புது மூட்டு போட்டாயிற்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை குடும்பம் மறுபடியும் புறப்பட்டது. அதே தெரு, அதே பள்ளம். கார் இறங்கி ஏறியது. சத்தம் இல்லை.

கடைக்குட்டிக்குத்தான் கொஞ்சம் வருத்தம். "எலி எங்கேப்பா போச்சு?" என்று வழியெல்லாம் கேட்டுக் கொண்டே வந்தான்.