துரூஸ் மக்கள் முஸ்லிம்களா?

2025 ஜூலையில் தெற்கு சிரியாவின் சுவைதாவில் நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் துரூஸ் மக்கள். செய்திகளைப் படிக்கையில் ஒரு குழப்பம் வந்தது. ஒன்று இவர்களை இஸ்லாத்தின் ஒரு பிரிவு என்றது, இன்னொன்று தனி மதம் என்றது. எது சரின்னு தேடப்போய் எடுத்த குறிப்புகள் இவை.

கதை கெய்ரோவில் தொடங்குகிறது. அப்போது எகிப்தை ஆண்டது இஸ்மாயிலி ஷியாக்களான ஃபாத்திமிய கலீஃபாக்கள். அவர்களில் ஒருவர் அல்-ஹாக்கிம். 1017-இல் பாரசீகரான ஹம்ஸா இப்னு அலி என்பவர், இந்த ஹாக்கிமிடம்தான் இறைவன் வெளிப்பட்டிருக்கிறான் என்று வெளிப்படையாகப் பிரச்சாரம் செய்தார். 1021-இல் ஒருநாள் இரவு முகத்தம் குன்றுப் பக்கம் போன ஹாக்கிம் திரும்பவே இல்லை. அடுத்து வந்த ஆட்சியில் அடக்குமுறை. எகிப்தில் அற்றுப்போன இயக்கம் லெபனான், சிரியா மலைகளில் பிழைத்துக்கொண்டது. 1043-இல் கதவையும் சாத்திவிட்டார்கள். அதன்பிறகு யாரும் மதம் மாறி துரூஸ் ஆக முடியாது, பிறந்தால்தான் உண்டு.

பெயரிலேயே ஒரு வேடிக்கை இருக்கு. துரூஸ் என்ற சொல் தரஸி என்ற பிரச்சாரகரிடமிருந்து வந்தது. அவரை வழிதவறியவர் என்று இவர்களே ஒதுக்கிவிட்டார்கள்! தங்களை இவர்கள் சொல்லிக்கொள்வது 'முவஹ்ஹிதூன்', அதாவது ஓரிறைக் கொள்கையினர். தவ்ஹீத் என்பது இஸ்லாத்தின் அடிப்படைச் சொல் அல்லவா? அதையேதான் இவர்களும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அப்படின்னா வேறுபாடு எங்கே? இஸ்மாயிலிகள் வேதத்துக்கு வெளிப்பொருள், உட்பொருள் என்று இரண்டு உண்டு என்பார்கள். துரூஸ் அதையும் தாண்டிப் போனார்கள். உட்பொருள் தெரிந்தவனுக்கு வெளிச்சடங்கு எதற்கு என்பது அவர்கள் வாதம். தொழுகை இருந்த இடத்தில் உண்மை பேசுதல், ஜகாத் இருந்த இடத்தில் சக விசுவாசிகளைக் காத்தல். ரமலான் நோன்பும் ஹஜ்ஜும் கடமை இல்லை. ஆனால் தியாகத் திருநாள் கொண்டாடுகிறார்கள்.

மறுபிறவியும் உண்டு. ஆனால் நமக்குப் பழக்கமான மாதிரி இல்லை. மனித உயிர் மனிதனாகத்தான் பிறக்கும், விலங்காகப் பிறக்காது. இறந்த கணமே இன்னொரு உடலுக்குப் போய்விடும்.

இவர்களுடைய வேதம் 'ஞானத்தின் மடல்கள்', மொத்தம் 111. அதைப் படிக்கும் உரிமை 'உக்கால்' எனப்படும் தீட்சை பெற்றவர்களுக்கு மட்டும்தான். பெண்களும் உக்கால் ஆகலாம். மற்றவர்கள் துரூஸாகவே வாழ்ந்து இறந்தாலும் மடல்களைப் பார்க்க மாட்டார்கள். இந்த ரகசியத்தால்தான் வெளியே கண்டபடி வதந்திகள் பரவின.

சரி, முஸ்லிம்களா இல்லையா? யாரிடம் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. லெபனான் நாடாளுமன்றத்தில் துரூஸ் மக்களின் 8 இடங்களும் முஸ்லிம்களுக்கான பாதியில்தான் வருகின்றன. இஸ்ரேல் 1957-இல் இவர்களைத் தனி மதச் சமூகமாக அங்கீகரித்தது. இப்னு தைமிய்யாவோ அந்தக் காலத்திலேயே இவர்கள் இஸ்லாத்துக்கு வெளியே என்று ஃபத்வா கொடுத்துவிட்டார். என் புரிதல் இதுதான்: இஸ்லாத்தின் வயிற்றில் பிறந்து, தனிக்குடித்தனம் போன மதம்.

படிப்பவனுக்கு இது வகைப்படுத்தும் பிரச்சினை, அவ்வளவே. ஆனால் சுவைதா வன்முறையில் வெளிவந்த ஒரு காணொளியில் ஆயுததாரிகள் ஒரு முதியவரிடம் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: முஸ்லிமா, துரூஸா? அவர் நான் சிரியன் என்கிறார். விடவில்லை, திரும்பவும் கேட்கிறார்கள். துரூஸ் என்றதும் சுட்டுவிடுகிறார்கள்.

இந்தக் குறிப்புக்கு நான் வைத்த தலைப்பும் அதே கேள்விதான். கேட்பவன் கையில் என்ன இருக்கிறது என்பதுதான் வித்தியாசம்.