பிள்ளை சாய்வது காலாலா, பிளேடாலா? புதுச் சறுக்குக் காலணி வாங்கும் பெற்றோர் கவனிக்க வேண்டியவை

"கால் உள்பக்கமாகச் சாய்கிறது. கணுக்காலில் பலம் இல்லை." பனிச்சறுக்கு பழகும் பிள்ளைக்குப் புதுக் காலணி வாங்கிய கையோடு பல பெற்றோர் இப்படிக் கவலைப்படுவது உண்டு. என் அண்ணன் மகளுக்கும் இதே கதைதான். வாடகைக் காலணியில் ஒழுங்காகச் சறுக்கிய பத்து வயதுப் பிள்ளை, சொந்தக் காலணி வந்ததும் ஒற்றைக் காலில் நிற்க முடியாமல் தடுமாறினாள். கவனம் இல்லை என்று வீட்டில் திட்டு வேறு. மூன்று வாரம் கழித்து வேறொரு பயிற்றுநர் காலணியைத் திருப்பிப் பார்த்தார். பிள்ளைமீது தவறில்லை, பிளேடு இருக்கவேண்டிய இடத்தில் இல்லை என்றார்.

சன்வே பிரமிட், புத்ராஜெயா ஐஒஐ சிட்டி மால் போன்ற இடங்களில் பழகும் பிள்ளைகள் முதலில் வாங்குவது பிளேடு பொருத்தியே வரும் காலணி. தாவவும் சுழலவும் தொடங்கியபின் காலணி தனி, பிளேடு தனி என்று வாங்கவேண்டி வரும். இரண்டும் சேர்ந்தால் ஆயிரம் ரிங்கிட்டைச் சுலபமாகத் தாண்டிவிடும். இவ்வளவு கொடுத்து வாங்கியதைக் கெடுக்க, தவறான இடத்தில் போட்ட நாலு திருகாணி போதும்.

பிளேடின் மேல்தகட்டில் இரண்டு வகைத் துளைகள் இருக்கும். நீள்வட்டமானவை சில, வட்டமானவை சில. நீள்வட்டத் துளையில் திருகாணி போட்டால், அதைச் சற்றுத் தளர்த்திப் பிளேடை நகர்த்திக்கொள்ளலாம். வட்டத் துளையில் போட்டால் பிளேடு அங்கேயே நின்றுவிடும். அதனால் முதலில் நீள்வட்டத் துளைகளில் மட்டுமே திருகாணி போட வேண்டும். அண்ணன் மகளின் காலணியில் கடைக்காரர் எல்லாத் துளைகளையும் ஒரேயடியாக நிரப்பிக் கொடுத்திருந்தார். வேலை முடிந்தது என்று நாங்களும் மகிழ்ச்சியாக வாங்கி வந்தோம்!

பிளேடு பின்னால் குதிகாலின் நடுவில் தொடங்கி, முன்னால் கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடைப்பட்ட இடத்தை நோக்கிப் போவது வழக்கம். இது தொடக்கம் மட்டுமே. ஒவ்வொருவர் காலும் முட்டியும் ஒவ்வொரு மாதிரி என்பதால், சரியான இடம் பனியில் இறங்கிச் சறுக்கினால்தான் தெரியும். காரின் டயர் அலைன்மென்ட்டைப் போலத்தான். ஸ்டீரிங்கை நேராகப் பிடித்தும் கார் ஒரு பக்கம் இழுத்தால் ஓட்டுநரையா குறை சொல்வோம்?

சோதிப்பது எளிது. காலணிக் கயிற்றை ஒழுங்காகக் கட்டிக்கொண்டு, பிள்ளை ஒற்றைக் காலில் நேராகச் சறுக்கட்டும். நேராகப் போக நினைத்தும் ஒவ்வொரு முறையும் உள்பக்கமாகவே சாய்ந்தால், பிளேடை உள்பக்கம் நகர்த்த வேண்டும். வெளிப்பக்கம் சாய்ந்தால் வெளிப்பக்கம். கேட்பதற்குத் தலைகீழாகத் தோன்றும். ஆனால் உடலின் பாரம் எங்கே விழுகிறதோ அதற்கு அடியில் பிளேடு வந்தால்தான் கால் நிமிரும். ஒரு தடவைக்கு ஒரு மில்லிமீட்டர், மிஞ்சினால் இரண்டு. நகர்த்தி, இறுக்கி, மறுபடியும் சறுக்கிப் பார்க்க வேண்டும். சில நாள் பழகி, சரி என்று உறுதியான பிறகே வட்டத் துளைகளில் திருகாணி போட வேண்டும்.

பிளேடைக் குறைசொல்லும் முன் இரண்டைப் பார்த்துவிடுங்கள். ஒன்று, காலணி பெரிதா? அடுத்த ஆண்டுக்கும் ஆகட்டும் என்று பள்ளிக் காலணிபோல் பெரிதாக வாங்கினால், பிளேடை எங்கே வைத்தாலும் கால் சாயும். மற்றொன்று, பிளேடைத் தீட்டிய விதம். பிளேடின் அடிப்புறம் நடுவே குழிந்து, இரு பக்கமும் கூர் விளிம்பு இருக்கும். இரு விளிம்புகளும் ஒரே உயரத்தில் இல்லையென்றாலும் பிள்ளை ஒரு பக்கமாகவே போவாள். பால்வெட்டுக் கத்தியைக் கண்டவர் கையில் தீட்டக் கொடுக்காத நம் தாத்தா பாட்டிக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

தகட்டுக்கும் காலணியின் அடிப்பாகத்துக்கும் இடையே இடைவெளி தெரிந்தால், திருகாணியை முடுக்கி அதை மூடப் பார்க்காதீர்கள். பிளேடு வளைந்துவிடும். மெல்லிய தோல் துண்டை இடையில் வைத்துச் சமன் செய்வார்கள்.

தோல் அடிப்பாகம் கொண்ட காலணியில், பழைய துளைகளை மரக்குச்சியும் பசையும் வைத்து அடைக்க வேண்டும். தண்ணீர் உள்ளே போனால் தோல் ஊறி, திருகாணி பிடிப்பை இழக்கும். தாவி இறங்கும்போது பிளேடு கழன்றால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் துருவும் சீக்கிரம் பிடிக்கும். சறுக்கி முடித்ததும் பிளேடைத் துடைத்துத் துணி உறை போடுங்கள். பிளாஸ்டிக் உறை நடப்பதற்கு மட்டுமே. மாதம் ஒருமுறை திருகாணிகள் இறுக்கமாக உள்ளனவா என்று பார்ப்பது பெற்றோர் வேலை.

அண்ணன் மகளின் காலணியில் வட்டத் துளைத் திருகாணிகளைக் கழற்றி, ஓட்டைகளை அடைத்து, பிளேடை இரண்டு மில்லிமீட்டர் உள்ளே தள்ளினார்கள். அன்று மாலையே ஒற்றைக் காலில் திடலின் பாதி தூரம் நேராகப் போனாள். திட்டியதற்கு அண்ணன்தான் அவளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுக்க வேண்டியதாயிற்று.