பல்வலிக்கு இரண்டு மாத்திரை!

ராயப்பன்பட்டித் திராட்சைத் தோட்டக்காரர்கள் அறிந்த சங்கதி இது: ஒரே மருந்தை ஓயாமல் தெளித்தால், அடிச்சாம்பல் நோய் நாளடைவில் அதற்கு மசியாது. இதே கதை நம் வாய்க்குள்ளும் நடக்கிறதென்றால் நம்புவீர்களா?

மனித வாயில் வாழும் பாக்டீரியாக்கள் சுமார் 700 வகை. பெரும்பாலானவை சாதுக்கள். பல்வலி வந்ததும் கடையில் இரண்டு அமாக்ஸிசிலின் வாங்கி விழுங்குகிறோம். எளிய கிருமிகள் மடிகின்றன. மருந்தைத் தாங்கியவை மிஞ்சிப் பெருகுகின்றன. அதோடு போயிற்றா? இல்லை. அந்த வித்தையை மரபணுத் துணுக்குகளாகப் பிற கிருமிகளுக்கும் தந்துவிடுகின்றன! நிமோனியாக் கிருமி பென்சிலினை எதிர்க்கக் கற்றது, வாயிலுள்ள இத்தகைய சாதுக்களிடமிருந்துதான். பல்லுக்குத் தின்ற மாத்திரை, பின்னொரு நாள் நுரையீரல் நோய்க்கு மருந்தில்லாமல் செய்துவிடக் கூடும்.

பென்சிலினைக் கண்டறிந்த பிளெமிங், அளவு குறைத்து உண்பதன் ஆபத்தை 1945-லேயே நோபல் உரையில் எச்சரித்தார். 2012-ல் சென்னையில் கூடிய மருத்துவர்களும் இம்மருந்துகளைக் கண்டபடி விற்பதைத் தடுக்க வேண்டுமெனப் பிரகடனம் செய்தனர். 2016-ல் மத்திய அரசு, அட்டையில் சிவப்புக் கோடுள்ள மருந்துகளை டாக்டர் சீட்டின்றி உண்ணாதீர் என்று பிரசாரம் செய்தது.

சொத்தைப் பல் வலிக்குப் பெரும்பாலும் இம்மருந்து தேவையே இல்லை. பல்லைச் சுத்தம் செய்து அடைப்பதோ, பிடுங்குவதோதான் வைத்தியம். முகம் வீங்கிக் காய்ச்சலும் கண்டால் உடனே டாக்டரிடம் செல்லுங்கள். அவர் மருந்து கொடுத்தால், சொன்ன அளவில், சொன்ன நாள்வரை உண்ணுங்கள். மிச்சத்தை அண்டை வீட்டாருக்குத் தானம் செய்யாதீர்கள்!