ஐஸ்கிரீம் வண்டியும் ரகசிய எண்ணும்

ஓர் ஊரின் வரைபடம். கோடுகள் எல்லாம் தெருக்கள், புள்ளிகள் எல்லாம் சந்திப்புகள். சில சந்திப்புகளில் ஐஸ்கிரீம் வண்டிகளை நிறுத்த வேண்டும். எந்தச் சந்திப்பில் நிற்பவரும் அதிகம் போனால் ஒரு தெரு நடந்து வண்டியை அடைந்துவிட வேண்டும். குறைந்தது எத்தனை வண்டிகள் போதும்?

டிம் பெல், இயன் விட்டன், மைக் ஃபெலோஸ் மூவரும் 1990களில் தொகுத்த ‘சி.எஸ். அன்பிளக்டு’ பயிற்சிகளில் ஒன்று இது. கணினியே வேண்டாம், காகிதமும் காசுகளும் போதும். பிள்ளைகள் காசை நகர்த்தி நகர்த்திப் பார்ப்பார்கள். ஒரு மூலை சரியானால் மறு மூலை இடிக்கும். 30 சந்திப்புகளில் 6 வண்டிகளை நிறுத்தவே 5,93,775 வழிகள் உண்டு. 100 சந்திப்புகளில் 20 வண்டிகள் என்றால் அது 21 இலக்க எண். எந்த ஊருக்கும் விரைவாக விடை தரும் வழியை இதுவரை யாரும் கண்டதில்லை. அப்படியொரு வழி இல்லை என்று நிரூபித்தவரும் இல்லை. இந்தக் கேள்வியின் பொதுவடிவத்துக்குத்தான் கிளே கணித நிறுவனம் 2000இல் 10 லட்சம் டாலர் பரிசு அறிவித்தது.

ஆனால் புதிரை உருவாக்குவது வெகு சுலபம். முதலில் வண்டிகளை வையுங்கள். ஒவ்வொன்றையும் சுற்றிச் சில சந்திப்புகளை இணையுங்கள். எந்தச் சந்திப்பும் இரண்டு வண்டிகளுக்குச் சொந்தமாகக் கூடாது. பிறகு வண்டி இல்லாத சந்திப்புகளுக்கு இடையே கண்டபடி தெருக்களை இழுத்துவிட்டு, வண்டிகளை அழித்துவிடுங்கள். போட்டவருக்கு விடை தெரியும், பார்ப்பவருக்குத் தலை சுற்றும். இப்படிச் செய்ய எளிதாகவும் திருப்பக் கடினமாகவும் இருப்பதற்கு ஒருவழிச் சார்பு என்ற பெயரைப் பிள்ளைகளிடம் இதற்குப் பிறகு சொன்னால் போதும். கை பட்ட சிரமத்துக்குப் பெயர் உடனே ஒட்டிக்கொள்ளும்.

அடுத்த படிதான் என்னை மிகவும் வியக்க வைக்கிறது. வரைபடத்தை ஊருக்கே கொடுத்துவிடுங்கள். உங்களுக்கு ரகசிய எண் அனுப்ப நினைப்பவர், கூட்டினால் அந்த எண் வருமாறு எல்லாச் சந்திப்புகளிலும் எண்களைப் பிரித்து எழுதுகிறார். பின்பு ஒவ்வொரு சந்திப்பிலும் அதன் எண்ணோடு அண்டைச் சந்திப்புகளின் எண்களையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகைகளை மட்டும் அனுப்புகிறார். வண்டி நின்ற இடங்களில் உள்ள தொகைகளை மட்டும் நீங்கள் கூட்டினால் ரகசிய எண் வந்து நிற்கும். ஒவ்வொரு சந்திப்பும் ஒரே ஒரு வண்டிக்குச் சொந்தம் என்பதால் எந்த எண்ணும் விடுபடாது, இருமுறை சேராது. வங்கிப் பரிமாற்றத்தைக் காக்கும் பொதுத்திறவுகோல் முறையின் அடிப்படை எண்ணமும் இதுவே: பூட்ட எல்லோராலும் முடியும், திறக்க ஒருவரால்தான் முடியும்.

வங்கி இந்த வரைபடப் பூட்டை நம்பியிருக்க முடியாது என்பது வேறு விஷயம். தெரியாத எண்கள் ஒவ்வொன்றையும் ஒரு மாறியாக வைத்து ஒருங்கமை சமன்பாடுகளை எழுதினால், வண்டிகளைத் தேடாமலே பூட்டை உடைத்துவிடலாம். உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு அதையே அடுத்த புதிராகக் கொடுக்கலாம்.